ஆற்றோரக் கூழாங்கல் நிலம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது, வாங்கிய பின் செய்ய வேண்டியது

மலையடிவாரத்தில் ஆற்றை ஒட்டி ஒரு நிலம் விலைக்கு வருகிறது, பக்கத்துச் செம்மண் தோட்டத்தைவிட விலை நன்றாகவே குறைவு, போய் நின்றால் காலுக்கடியில் எங்கு பார்த்தாலும் உருண்டைக் கல். புரோக்கர் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க" என்பார். கூடப் போன பெரியவர் "இந்தக் கல்லுக்காட்டுல என்னத்தப்பா விளையும்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் பவானிக் கரை, கோவைக்கு மேற்கே நொய்யலின் தொடக்க ஓடைகள், தென்காசிப் பக்கம் சிற்றாறு, பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணி என்று மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகிற ஆறுகளின் கரையில் இந்த மாதிரி நிலம் நிறையவே இருக்கிறது. சிலர் அதில் அருமையான தோப்பு வைத்திருக்கிறார்கள், சிலர் போட்ட பணத்தை மறந்துவிட்டு விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேலே கிடக்கிற கல்லைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கல்லுக்கு நடுவே என்ன மண் இருக்கிறது, அது எத்தனை அடிக்கு இருக்கிறது, அதற்குக் கீழே என்ன வருகிறது, இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் என்ன நடலாம், எப்படித் தண்ணீர் விடலாம், என்ன விலை கொடுக்கலாம் என்பதெல்லாம் ஓரளவு தானாகவே தெரிந்துவிடும்.

கல் ஏன் இங்கே இருக்கிறது

மலைச்சரிவில் வேகமாக இறங்குகிற தண்ணீர் கல்லையும் உருட்டிக்கொண்டு வருகிறது. சமவெளிக்கு வந்ததும் சரிவு குறைகிறது, வேகம் குறைகிறது, முதலில் பெரிய கல்லைப் போடுகிறது, அப்புறம் சின்னக் கல், பருமணல், நைசான மணல், கடைசியில் வண்டல். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் கூழாங்கல்லும் தஞ்சாவூரில் களியும் கிடைக்கின்றன. ஒரே இடத்திலும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வேகம் வேறு, ஆகவே ஒரு வெள்ளம் கல் போடும், அடுத்தது அதன் மேல் ஒரு சாண் வண்டல் போடும், அதற்கடுத்தது மணல். தோண்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். இந்த அடுக்குதான் ஆற்றோர மண்ணின் முதல் குணம். மற்ற நிலங்களில் மேல்மண்ணில் மக்கு (மக்கிப்போன இலைதழை) அதிகமாக இருந்து கீழே போகப் போகச் சீராகக் குறையும். இங்கே மூன்று அடிக்குக் கீழே திடீரென்று கறுப்பாக ஒரு பட்டை வரும், அது எப்போதோ மேல்மண்ணாக இருந்து வெள்ளத்தில் புதைந்துபோனது.

இன்னொன்று, ஆற்றோரம் என்றால் எல்லாம் ஒரே வயதும் கிடையாது. ஆறு இன்னும் ஏறி வருகிற தாழ்வான படுகை ஒன்று, ஆறு ஆழமாக வெட்டிக்கொண்டு போனதால் இப்போது வெள்ளம் எட்டாமல் மேடாக நிற்கிற பழைய படுகை ஒன்று. இரண்டிலும் கூழாங்கல் இருக்கும். பழையதில் மண் பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறியிருக்கும், கல்லை உடைத்தால் வெளி ஓரத்தில் உளுத்த தோல் மாதிரி ஒரு வளையம் தெரியும், பெரிய பெரிய மரங்கள் நிற்கும். புதியதில் மண் சாம்பல் நிறம், கல் உடைத்தால் உள்ளும் புறமும் ஒரே கெட்டி, செடிகொடி எல்லாம் நாணலும் நொச்சியுமாக இளசாக இருக்கும். பழைய படுகை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். புதிய படுகையில் மேலே கிடக்கிற கல்லின் அளவைக் கவனியுங்கள், தலையளவு கல்லை அங்கே கொண்டுவந்து போட்ட வெள்ளம் உங்கள் மோட்டார் ரூமையும் விட்டுவைக்காது.

குழி தோண்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஆற்றுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆற்றைவிட்டுத் தள்ளிய மூலையில் ஒன்று என்று குறைந்தது மூன்று குழி, ஆளுக்கு நெஞ்சளவு ஆழம். ஜேசிபி வைத்தால் ஒரு மணி நேர வேலை. நிலத்துக்காரர் தயங்கினால் அதுவே ஒரு தகவல்தான். ஒரே குழியோடு நிறுத்த வேண்டாம், இந்த மாதிரி நிலத்தில் முப்பது அடி தள்ளினால் வேறு மண்.

குழிச் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டுப் பாருங்கள். எத்தனை அடுக்கு, எது எங்கே தொடங்குகிறது என்று டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மரமோ புதரோ இருந்தால் வேர் எதுவரை போயிருக்கிறது என்று தேடுங்கள், வேர் நிற்கிற இடம்தான் உங்கள் பயிருக்குக் கிடைக்கப்போகிற நிலம். துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகளும் சாம்பல் திட்டுகளும் கலந்திருந்தால் வருடத்தில் சில மாதம் தண்ணீர் அதுவரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். அது இரண்டடிக்குள் இருந்தால் மா, நெல்லி, பப்பாளி எதையும் நினைக்க வேண்டாம்.

எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிற விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. மேலே இரண்டடி நைசான வண்டல், கீழே சுத்தமான கூழாங்கல் என்றால் "தண்ணியெல்லாம் கீழ இறங்கிடும்" என்று பயப்படுகிறார்கள். நடப்பது வேறு. நைசான மண்ணின் சின்னத் துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், கல்லுக்கு நடுவே இருக்கிற பெரிய இடைவெளிகளால் அதை இழுத்துக்கொள்ள முடியாது. மேலே மண் கிட்டத்தட்ட முழுதாக ஊறிச் சொட்டுகிற நிலை வரும்வரை தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டாது. ஆக, கல் படுகை மேல் உட்கார்ந்திருக்கிற இரண்டடி வண்டல், அதே வண்டல் ஆழமாக இருந்தால் பிடிப்பதைவிடக் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காய்கறிக்கும் வாழைக்கும் இது நல்ல நிலம். ஆழமாக வேர்விடுகிற மரத்துக்குத்தான் வேர் அந்த எல்லையில் நின்றுவிடும் பிரச்சினை.

கல்லின் பங்கை அளப்பது

கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் கூடுதலாகத்தான் சொல்வோம், மழை கழுவிவிட்டு மேலே கல் மட்டும் தெரிவதால். எடை போட்டுப் பார்த்தாலும் ஏமாற்றம்தான். கல் கனம், மண் லேசு, எனவே எடையில் நூற்றுக்கு 40 பங்கு கல் இருந்தால் இடத்தில் அது சுமார் 26 பங்குதான் பிடித்திருக்கும். வேருக்கு முக்கியம் இடம்தான்.

வீட்டிலேயே அளக்கலாம். ஓர் அடிக்கு ஓர் அடி அகலத்தில் ஓர் அடி ஆழக் குழி எடுங்கள், எடுத்த எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் போடுங்கள். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் விரித்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், 28 லிட்டர் பக்கம் வரும். தார்ப்பாயில் இருப்பதை 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலியுங்கள், அதற்கு மேல் நிற்பது கல், கீழே விழுவது மண். ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை கண் கொஞ்சம் சின்னது, ஆனால் அவசரத்துக்குப் பரவாயில்லை. கல்லைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பின அண்டாவில் மெதுவாகப் போடுங்கள், வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்தால் அதுதான் கல்லின் கன அளவு. 28 லிட்டர் குழியில் 10 லிட்டர் வழிந்தால் நூற்றுக்கு 36.

மண்ணியல்காரர்கள் கணக்குப்படி 15 முதல் 35 வரை சரளை கலந்த மண், 35 முதல் 60 வரை மிகுந்த சரளை, 60க்கு மேல் போனால் கிட்டத்தட்ட வெறும் கல். என் கணக்கு இன்னும் எளிது: 35க்குள் என்றால் தண்ணீரும் எருவும் சரியாகக் கொடுத்தால் எதுவும் வரும், 60க்குள் மரப்பயிர் மட்டும், அதற்கு மேல் என்றால் ஆற்றோர மரங்களுக்கு விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு

இதுதான் மொத்த விஷயத்திலும் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மணல் கலந்த வண்டல் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கிற ஈரமாகச் சுமார் 120 மி.மீ. வைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுக் கூழாங்கல் ஒன்றும் தண்ணீர் குடிக்காது, எனவே 40 பங்கு கல் இருந்தால் மிச்சம் 72. வேர் இரண்டடி, அதாவது 60 செ.மீ. போகிறது என்றால் 43. அதில் பாதி தீர்ந்ததுமே பயிர் வாடத் தொடங்கும், ஆகக் கையில் இருப்பது 21 மி.மீ. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு 5 முதல் 6 மி.மீ. போகும். நான்கே நாள். நடுவில் இருப்பது வண்டலாக இல்லாமல் பருமணலாக இருந்தால் இதிலும் பாதி, இரண்டு நாள்.

இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். ஒரு தடவைக்கு 21 மி.மீ., அதாவது ஏக்கருக்குச் சுமார் 85,000 லிட்டருக்கு மேல் எவ்வளவு விட்டாலும் நேராகக் கீழே போய் ஆற்றில் சேரும். வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் ஒரு தடவைக்கு இதைப்போல் மூன்று மடங்கு சாதாரணமாக விடுகிறார்கள், அதுவும் வாய்க்கால் முகப்பிலேயே பாதி இறங்கிவிடும், கடைசி வரிசை காய்ந்துகொண்டிருக்கும். அப்புறம் "எவ்ளோ தண்ணி விட்டாலும் பத்தல" என்ற புலம்பல். பத்தாமல் இல்லை, நிற்க இடம் இல்லை. கொஞ்சமாக, அடிக்கடி என்பதைத் தவிர இந்த நிலத்துக்கு வேறு வழி கிடையாது.

சொட்டுநீர் போடுகிறவர்கள் கம்பெனிக்காரர் கொடுக்கிற பொது டிசைனை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். களிமண்ணில் ஒரு சொட்டியிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும், கல் மணலில் கேரட் மாதிரி ஒல்லியாக நேரே கீழே இறங்கும். மரத்துக்கு இரண்டு சொட்டி என்று போட்டால் வேரில் முக்கால்வாசி காய்ந்தே இருக்கும். வளர்ந்த தென்னைக்கு ஆறு முதல் எட்டு சொட்டி வட்டமாக, அல்லது பேசாமல் மைக்ரோ ஸ்பிரிங்க்ளர். ஓட்டுவதையும் ஒரே தடவையாக நான்கு மணி நேரம் ஓட்டாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்துவிடுங்கள். ஆற்றுத் தண்ணீரை நேரடியாக எடுப்பதாக இருந்தால் மணல் பிரிக்கிற ஹைட்ரோசைக்ளோனும் அதற்கப்புறம் டிஸ்க் பில்டரும் கட்டாயம், இல்லாவிட்டால் ஒரு புதுவெள்ளத்தில் மொத்த சொட்டியும் அடைத்துக்கொள்ளும்.

பண்ணைக்குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்காது. 500 மைக்ரான் ஷீட் விரித்தால்தான் நிற்கும், அதுவும் கூரான கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டு நைசான மண் ஒரு படுகை போட்ட பிறகு விரிக்க வேண்டும். நெல்லைப் பற்றிப் பேசவே வேண்டாம், எவ்வளவு சேறு கலக்கினாலும் காலையில் வயல் காலியாக இருக்கும்.

மண்ணை எப்படித் தேற்றுவது

கல்லை எடுக்க முடியாது, நடுவே இருக்கிற மண்ணைத்தான் கனமாக்க வேண்டும். நம் ஊரில் இதற்குப் பழைய வழி கரம்பை. ஏரி, குளத்து வண்டலைக் கோடையில் அள்ளிக்கொண்டு வந்து போடுவது. விவசாயிகள் இதை அரசு அனுமதியுடன் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். எடுக்கும் முன் அந்த வண்டலில் உப்பு ஏறியிருக்கிறதா என்று மட்டும் சோதனை செய்துவிடுங்கள், உவர் மண்ணை லாரி வாடகை கொடுத்துக் கொண்டுவருவதைவிடக் கொடுமை வேறு இல்லை.

எவ்வளவு தேவை? ஏக்கர் முழுக்க ஓர் அங்குலம் பரப்ப 3,630 கன அடி, அதாவது 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஓர் அங்குலத்தால் பெரிதாக எதுவும் மாறாது, மூன்று அங்குலம் போட்டால் பணம் தாங்காது. எனவே மரம் இருக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறடி தூரத்துக்கு இரண்டு அங்குலம் என்றால் 13 யூனிட்தான் ஆகும். போட்டுவிட்டு அப்படியே விடாமல் மேல்மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். புதிதாக நடுகிற குழியில் வெறும் கரம்பையை நிரப்பவும் கூடாது, சுற்றிலும் கல் இருக்க நடுவில் களி இருந்தால் வேர் அந்தத் தொட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே வராது. எடுத்த மண்ணோடு பாதிக்குப் பாதி கலந்து, குழிச் சுவரைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு நிரப்புங்கள்.

தென்னை இருக்கிறவர்களிடம் இன்னொரு பொருள் சும்மா கிடக்கும்: தேங்காய் மட்டை. மரத்தைவிட்டு ஐந்தாறு அடி தள்ளிப் பள்ளம் எடுத்து, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கடுக்காகப் போட்டு மூடினால் சில வருடங்களுக்கு அது தண்ணீரைப் பஞ்சு போல வைத்திருக்கும். மூடாக்காக மேலே போடுவதாக இருந்தால் கவிழ்த்துப் போட வேண்டும். பசுந்தாள் உரத்தில் தக்கைப்பூண்டும் சணப்பும் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு. தண்ணீர் இல்லாத கல்லாங்காட்டுக்குக் கொளுஞ்சிதான், ஒரு தடவை விதைத்தால் தானே விழுந்து தானே முளைக்கும், ஆடு மாடும் அதிகம் கடிப்பதில்லை.

வெள்ளத் தண்ணீரையே வைத்து மண் உருவாக்குகிற வழியும் ஒன்று உண்டு. தென் பிரான்சில் கிரோ என்ற சமவெளி முழுக்கக் கூழாங்கல், துரான்ஸ் ஆறு ஒரு காலத்தில் போட்டுவிட்டுப் போனது. 16ஆம் நூற்றாண்டில் ஆடம் டி கிராப்போன் என்பவர் அந்த ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினார். கலங்கலாக வருகிற தண்ணீரைக் கல் மேல் பாய்ச்சிப் பாய்ச்சி, வண்டல் படிந்து படிந்து அங்கே புல்வெளிகள் உண்டாயின, அங்கே விளைகிற உலர்புல்லுக்கு இன்று பிரான்சில் சட்டப்படி பெயர்ப் பாதுகாப்பே இருக்கிறது. நமக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றாலும், புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் வரும்போது வாய்க்காலைத் திறந்துவிட்டு, வரப்பு கட்டின பாத்தியில் தேக்கித் தெளிய விடுவது பலன் தருகிற வேலைதான். ஆனால் உங்கள் இடம் பெரிய அணைக்குக் கீழே இருந்தால் இதை எதிர்பார்க்க வேண்டாம், பவானிசாகர் அணைக்குக் கீழே வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது.

கல்லைப் பொறுக்கலாமா? முஷ்டியைவிடப் பெரியதை மட்டும். ரோட்டவேட்டர் கத்தியைக் காப்பாற்ற அது போதும், அந்தக் கல்லை வைத்து ஆற்றுப் பக்கம் கல்வரப்பு கட்டிக்கொள்ளலாம். சின்னக் கல்லையும் கூலி ஆள் வைத்துப் பொறுக்கி எடுத்தவர்கள் அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். மேலே கிடக்கிற சின்னக் கல் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது, வெயிலில் ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. சீனாவில் லான்ஜோ பக்கம் வறண்ட பகுதியில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வயல் மேல் கூழாங்கல்லைக் காசு கொடுத்துக் கொண்டுவந்து பரப்பித் தர்ப்பூசணி வளர்க்கிறார்கள். உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது, எடுத்து வெளியே கொட்ட வேண்டாம்.

உரம், மண் பரிசோதனை

மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரியைச் சலித்துவிட்டுத்தான் சோதிப்பார்கள், கல் அங்கேயே வெளியே போய்விடும். ரிப்போர்ட்டில் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று வருவது கல்லே இல்லாத நிலத்துக்கான கணக்கு, மேல் ஆறு அங்குல மண் ஏக்கருக்குச் சுமார் 9 லட்சம் கிலோ என்று வைத்துக்கொண்டு போட்டது. உங்கள் நிலத்தில் 40 பங்கு கல் என்றால் அந்த எண்ணை 0.6 ஆல் பெருக்குங்கள். சாம்பல்சத்து (பொட்டாஷ்) 100 கிலோ என்று வந்திருந்தால் உண்மையில் 60. மண் வள அட்டையில் "நடுத்தரம்" என்று பார்த்து நிம்மதியாக இருப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சத்து குறைவு என்பதற்காக ஒரேயடியாக அள்ளிப் போடுவதும் வீண். தழைச்சத்து (யூரியாவில் இருப்பது) தண்ணீரோடு சேர்ந்தே இறங்கிவிடும், சாம்பல்சத்தும் ஓரளவு இறங்கும். தென்னைக்கு வருடத்துக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், கூடவே 50 கிலோ தொழு உரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, வழக்கமாக இரண்டு தடவையாகப் போடுவார்கள். இந்த நிலத்தில் யூரியாவையும் பொட்டாஷையும் ஆறு தடவையாகப் பிரியுங்கள், சொட்டுநீர் இருந்தால் இன்னும் பிரிக்கலாம். கனமழைக்கு முந்தின நாள் உரம் வைப்பது ஆற்றுக்கு உரம் வைப்பதுதான். துத்தநாகமும் போரானும் இந்த மாதிரி மண்ணில் அடிக்கடி குறையும், இலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் பருமணல் ரொம்பப் பிடிக்கும், எனவே தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை வைத்தால் வேப்பம்புண்ணாக்கும் இடையில் ஒரு போகம் செண்டுமல்லியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன நடலாம்

தென்னை, மா, நெல்லி, சப்போட்டா, கொய்யா, முருங்கை இவையெல்லாம் வேர் சுவாசிக்க வசதியான நிலத்தை விரும்புகிறவை, வடிகால் பிரச்சினை இல்லாததால் இங்கே நன்றாகவே வரும், முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீரில் ஏமாற்றாமல் இருந்தால். தேக்கும் ஆழமான படுகையில் நன்றாக வளரும். பாக்கு கொஞ்சம் சிக்கலானது, அதற்கு வடிகாலும் வேண்டும், ஒரு நாள்கூட வறட்சியும் ஆகாது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே கல்லாறு பக்கம் ஓடைக்கரைத் தோப்புகளில் பாக்கு செழிப்பாக நிற்கிறது, அங்கே அரசுப் பண்ணையில் மங்குஸ்தான்கூடக் காய்த்திருக்கிறது. மலையடிவார நிழலும் ஈரக் காற்றும் வருடம் முழுக்கத் தண்ணீரும் இலைச் சருகும் சேர்ந்துதான் அது நடக்கிறது, வெட்டவெளிக் கல்லாங்காட்டில் அதைக் காப்பியடிக்க முடியாது.

வாழை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலே ஒன்றரை அடியாவது வண்டல் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தண்ணீருக்கும் பொட்டாஷுக்கும் செலவழித்தே தீர்ந்துவிடும், காற்றுக்கு முட்டுக் கொடுக்கவும் கல்லில் குச்சி இறங்காது. மரவள்ளி, மஞ்சள், இஞ்சி, முள்ளங்கி என்று மண்ணுக்குள் பெருக்கிற எதுவும் வேண்டாம், கல்லில் முட்டிக் கோணலாகும், தோண்டுவதற்கு இரட்டைக் கூலி. நிலக்கடலை மணல் பகுதியில் போடலாம், கல் பகுதியில் பிடுங்கும்போது பாதிக் காய் உள்ளேயே நிற்கும். தண்ணீர் வற்றுகிற மாசி பங்குனியில் தாழ்வான மணல் திட்டுகளில் தர்ப்பூசணி, வெள்ளரி போட்டு வெள்ளத்துக்கு முன் எடுத்துவிடுவது பழைய வழக்கம், இன்றும் அது லாபம்தான். மானாவாரி என்றால் கொள்ளு, எள், தட்டைப்பயறு.

ஆற்றின் ஓரமாக முதல் முப்பது நாற்பது அடியை மட்டும் பயிருக்கு ஆசைப்படாமல் நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில், வெட்டிவேர் என்று விட்டுவிடுங்கள். கரை நிற்பதற்கு இவற்றின் வேர் வேண்டும்.

கிணறு, கழிப்பறை, வீடு

கூழாங்கல் படுகையில் கிணறு என்பது கொடுப்பினைதான். ஆழமான போர் தேவையில்லை, இருபது முப்பது அடியில் உறைகிணறு இறக்கினாலே ஊற்று நன்றாக வரும். ஆனால் ஆற்றில் மணலும் கல்லும் அள்ளிப் படுகை தாழ்ந்துபோன ஊர்களில் கரையோரக் கிணற்றில் தண்ணீரும் கூடவே தாழ்ந்துவிடும், பக்கத்துக் கிணறுகளின் கோடை மட்டத்தை விசாரித்துவிட்டு நம்புங்கள்.

தண்ணீர் வேகமாக ஊறுகிற அதே வேகத்தில் அசுத்தமும் ஊறும், கல் எதையும் வடிகட்டாது. கழிப்பறைக் குழியைக் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, தண்ணீர் ஓடுகிற திசைக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டினால் இந்த மாதிரிப் பருமண்ணில் குழியைச் சுற்றி அரை மீட்டர் நைசான மணல் உறை கொடுத்து, அடியை மூடிவிட வேண்டும். கொத்தனார் "எதுக்குங்க வெட்டிச் செலவு" என்பார், கேட்காதீர்கள். மாட்டுக் கொட்டகைக் கழிவுக்கும் இதே கவனம்.

வீட்டு அஸ்திவாரத்துக்குக் கல் படுகை நல்ல தாங்குசக்தி உள்ளது, கவலை வெள்ளம் அடியில் அரிப்பதுதான். ஆற்றை ஒட்டிக் கட்டாதீர்கள், ஊர்ப் பெரியவர்களிடம் இதுவரை தண்ணீர் அதிகபட்சம் எங்கே வந்தது என்று கேட்டு அதற்கு மேலே கட்டுங்கள். அடிவாரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கும், அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பத்திரம் முடிக்கும் முன் சர்வேயரை வைத்து எஃப்எம்பி (அரசு நில அளவைப் பதிவேட்டு) படத்தோடு அளந்துவிடுங்கள். ஆறு இடம் மாறும், சர்வே கல் மாறாது. வேலி போட்டிருக்கிற இடத்தில் பாதி ஆற்றுப் புறம்போக்காக இருப்பது சகஜம். அதேபோல் பட்டா நிலம் என்பதற்காக உங்கள் இடத்து மணலையும் கல்லையும் நீங்களே விற்றுவிட முடியாது, 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி அதற்கு அரசின் அனுமதி வேண்டும். நிலத்தை மட்டப்படுத்தித் தருகிறேன், கல்லை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது இலவசமாக வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

வெள்ளம் வந்து மணலைப் போட்டுவிட்டுப் போனால்

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வந்தது. முதலில் பல இடங்களில் தோண்டி எத்தனை அங்குலம் படிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று அங்குலம் என்றால் அப்படியே உழுது கலந்துவிடலாம், படிந்தது வண்டலாக இருந்தால் அது லாபம்கூட. அரை அடி வரை என்றால் சாதாரண உழவு போதாது, படிந்த கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு உழுகிற கலப்பை வேண்டும், கீழே இருக்கிற பழைய மண் மேலே வந்து கலந்தால்தான் பயன். அதற்கு மேல் மணலும் கல்லுமாகக் குவிந்திருந்தால் ஒதுக்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை, அப்போதும் வெளியே கொண்டுபோவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக்கொடுத்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிவாரணத்துக்கும் அது வேண்டும். ஈரமாக இருக்கும்போது டிராக்டரை இறக்கக் கூடாது. மரங்களின் தூரைச் சுற்றிக் குவிந்த மண்ணை மட்டும் காத்திருக்காமல் அந்த வாரமே கையால் விலக்கிவிடுங்கள், மாவும் கொய்யாவும் கழுத்துவரை மண் மூடினால் தாங்காது. தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும் புதிதாக ஒரு மண் பரிசோதனை செய்து, கல்லின் பங்கையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள், பழைய கணக்கு இனி செல்லாது.